தீயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்

அந்த லாரி டிரைவரை மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை லைசென்ஸில் பார்க்கலாம், அல்லது அவன் மனைவிக்குக் கோபம் வரும்போது கேட்கலாம். மலைச்சாலை இறக்கத்தில் அவன் இரண்டாவது கியரைத் தாண்ட மாட்டான். பின்னால் வருகிறவன் ஹாரனடித்து உயிரை வாங்கினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பதுதான் அவனுடைய பெரிய பெருமை.

அப்பேர்ப்பட்ட ஆளின் லாரியில், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, ஒரு பீப்பாய் நிறையத் தின்னர் இருந்தது. பெயிண்டில் கலக்கிற தின்னர். ஒரு பொறி போதும், லாரியும் இருக்காது, பக்கத்தில் நிற்கிறவனும் இருக்க மாட்டான்.

ஏற்றி வைத்தது அவனுடைய அத்தான். அக்காவின் கணவர், லாரியின் முதலாளி. "ஒரே ஒரு பீப்பாய்டா. நாற்காலிக்கு நடுவுல கெடக்கட்டும். யாரு ஏறிப் பாக்கப் போறாங்க?" என்றார். பில்லில் நாற்காலி மட்டும்தான். நத்தை முணுமுணுத்தான். அக்கா சமையலறை வாசலில் நின்று அவனையே பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் அவனுக்கு முடியாது என்று சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வண்டியை எடுத்துவிட்டான்.

பாதி மலை இறங்கியதும் சாலை இல்லை. மேலே இருந்து மண்ணும் பாறையும் சரிந்து, சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தன. சரிவுக்கு முன்னால் ஒரு பஸ் நின்றது. அதற்குப் பின்னால், சற்று மேட்டில், நத்தை லாரியை நிறுத்தினான். அவனுக்குப் பின்னால் முட்டை ஏற்றிய ஒரு வேன் வந்து ஒட்டிக்கொண்டது. மண்ணை அள்ளுகிற இயந்திரம் விடிந்துதான் வரும் என்று மோட்டார் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு மண்மேட்டின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி நடந்தே போய்விட்டார்கள். வண்டியை விட்டு நகர முடியாத பஸ் டிரைவரும், ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் மட்டும் போகவில்லை. அவள் கையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு மண்மேட்டில் எப்படி ஏறுவது?

பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கியது. பஸ்ஸில் பாதி ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது.

"சூடா வெச்சுக்கணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க சார்," என்று அந்தப் பெண் போலீஸ்காரரிடம் சொன்னாள்.

அவர் நல்ல மனிதர். பஸ்ஸின் முன்பக்கம், மலையோரத் தடுப்புச்சுவரை ஒட்டிக் காற்றுப் படாத ஒரு மூலையைப் பார்த்தார். சுவரோரமாக ஓடுகிற வடிகாலின் கரையில் குச்சிகளைக் குவித்தார். எல்லாம் ஈரம். பஸ் டிரைவரின் தீப்பெட்டியில் இருந்த குச்சிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசியில் வேனை ஓட்டிவந்த அம்மாள், எல்லோரும் முட்டைக்காரம்மா என்று கூப்பிட்டது அவரைத்தான், காலி முட்டை அட்டைகளைக் கொண்டுவந்து கிழித்துப் போட்டார். கடைசிக் குச்சியில் தீ பிடித்தது. பஸ் டிரைவர் பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரிக் கையைத் தட்டினார்.

அதே நேரத்தில் நத்தை லாரியின் பின்பக்கம் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கில் வாடை சுரீர் என்று ஏறியது.

தார்ப்பாயை விலக்கி உள்ளே புகுந்து, நாற்காலிகளைத் தள்ளிவிட்டு டார்ச் அடித்தான். பக்கவாட்டுப் பலகையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு போல்ட்டின் தலை, வழியெல்லாம் ஆடி ஆடிப் பீப்பாயின் அடிப்பக்கத்தை அரித்துவிட்டிருந்தது. முடி கனத்துக்கு ஒரு பிளவு. அதிலிருந்து தின்னர் கசிந்து, பலகை இடுக்கு வழியாகக் கீழே சொட்டியது. பீப்பாயைச் சாய்த்துப் படுக்கவைத்தால் ஓட்டை மேலே வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அது ஒருவனால் அசைக்க முடிகிற பண்டமா? தோளைக் கொடுத்துப் பார்த்தான், இடுப்புதான் பிடித்துக்கொண்டது. மூன்று பேர் வேண்டும். மூன்று பேர் கீழேயே இருக்கிறார்கள். அதில் ஒருவர் போலீஸ்.

நத்தைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். டீசல் டேங்க் ஒழுகினால் எந்த லாரிக்காரனும் செய்கிற வைத்தியம்: துணி சோப்பை எடுத்து ஓட்டையில் அழுத்தித் தேய்ப்பது. டீசலில் சோப்பு கரையாது, ஊர் போய்ச் சேருகிறவரை கல் மாதிரி நிற்கும். அப்படி எத்தனையோ தடவை செய்திருக்கிறான். இப்போதும் செய்தான். தின்னர் முழங்கை வரை வழிந்து சட்டையையும் பேன்ட்டையும் நனைத்தது. கசிவு நின்றது. அப்பாடா என்று இறங்கினான். டீசலுக்குச் செய்கிற வைத்தியம் தின்னருக்கு ஆகுமா என்று அவன் யோசிக்கவில்லை. கை பழகிப்போன வேலையை மூளையிடம் கேட்டா செய்கிறோம்?

"அண்ணே! தனியா அங்க என்ன தவம் பண்றீங்க? வாங்க!" என்று பஸ் டிரைவர் குரல் கொடுத்தார்.

போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று போனான். அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. பல் கிட்டுகிற குளிரில், கண்ணெதிரே நாலு பேர் தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எந்த மனிதனாவது விலகி நிற்பானா? தீயில் என்னதான் இருக்கிறதோ தெரியவில்லை. காலையில் இந்த பஸ் டிரைவரும் போலீஸ்காரரும் எதிரெதிரே வந்திருந்தால் மூஞ்சியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது ஒரே பலகையில் தொடை ஒட்ட உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தார். முட்டைக்காரம்மா வேனில் உடைந்தது போக நல்ல முட்டைகளையே எடுத்து, ஊசியால் ஒரு குத்துக் குத்திச் சாம்பலுக்குள் புதைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் மடியில் குழந்தையின் முகம் முதல்முறையாகச் சிவந்து தெரிந்தது.

நத்தை பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தான். சட்டையில் தின்னர் இன்னும் காயவில்லை.

"அங்க உக்காந்தா எப்படிண்ணே குளிர் போகும்? கிட்ட வாங்க," என்றார் தையல்காரர்.

"இல்ல தம்பி, எனக்கு இதுவே போதும். அனல் ஒத்துக்காது."

"அனல் ஒத்துக்காதா!" பஸ் டிரைவர் சிரித்தார். "நத்தைதானே, வெந்துடுவோம்னு பயப்படுறார். விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நத்தையும் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் முட்டைக்காரம்மா மூக்கை உறிஞ்சினார்.

"என்னமோ வாடை அடிக்குதே. பெயிண்ட் வாடை."

"பஸ்ஸுக்குப் போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சாங்க," என்றார் பஸ் டிரைவர், அவரை யாரும் கேட்காமலேயே. சில பேர் எதற்கும் பதில் வைத்திருப்பார்கள். அன்றைக்கு அது நத்தையைக் காப்பாற்றியது. காப்பாற்றாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ் டிரைவர் கதை சொல்ல ஆரம்பித்தார். கடைசி டிரிப்பில் ஏறிய ஒரு பயணி, டிக்கெட்டும் வாங்காமல் இறங்கவும் இறங்காமல் பின்சீட்டில் உட்கார்ந்தே இருந்த கதை. பேய்க்கதை என்று ஆரம்பித்தது, அவருடைய மாமனார் என்று முடிந்தது. போலீஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நத்தையின் முதுகு விறைத்தது, விரல் நுனிகள் மரத்துப்போயின, ஆனாலும் அவனுக்கு எழுந்து போக மனமில்லை. அந்த வட்டத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. அவனுக்காகவே விட்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அழலாம் போல இருந்தது.

தையல்காரரின் மனைவி குழந்தையைத் தோளில் மாற்றினாள். "இப்பதான் காலு கொஞ்சம் சூடாயிருக்கு," என்று கணவனிடம் மெல்லச் சொன்னாள். அவர் குழந்தையின் பாதத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

நத்தை, "ரேடியேட்டர பாத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்தான்.

லாரிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தான். சொட்டு இல்லை, இப்போது நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால், சோப்பு கூழாகிப் பலகையில் வழிந்து கிடந்தது. விரலை வைத்தான், பிளவில் விரல் நகம் நுழைந்தது. கீழே விழுந்த தின்னர் சரளையில் ஓடி, மலையோர வடிகாலில் இறங்கியிருந்தது. டார்ச்சை வடிகால் வழியே கீழ்நோக்கி அடித்தான். ஈரக்கோடு ஒன்று பளபளத்துக்கொண்டு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸின் பின்சக்கரம் வரை வந்தாயிற்று. அந்த வடிகாலின் கரையில்தான் தீ.

வாளியை எடுத்து ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே வைத்தான். வடிகாலில் கையால் மண்ணை வாரிப் போட்டு அணை மாதிரி கட்டினான். வாளி எவ்வளவு நேரம் தாங்கும்? அது நிறைந்தால் பள்ளத்துப் பக்கம் கொண்டுபோய் ஊற்ற வேண்டும், ஊற்றுகிற நேரத்துக்கு மறுபடியும் தரையில் ஒழுகும். லாரியை நகர்த்தலாமென்றால் முன்னே பஸ், பின்னே வேன். முன்பின் இடம் இருந்தாலும் இந்த ஆவிக்கு நடுவில் சாவியைத் திருகுகிற தைரியம் யாருக்கு வரும்?

போய்ச் சொல்லிவிடு என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் லைசென்ஸ் போகும். லாரியைப் பிடித்து வைப்பார்கள். அந்த ஒரு லாரியில்தான் அக்கா வீடும் ஓடுகிறது, அவன் வீடும் ஓடுகிறது. அக்கா சமையலறை வாசலில் நின்ற மாதிரியே அவன் கண்ணெதிரே நின்றாள். சொல்லாமலே அவர்களை அங்கிருந்து கிளப்பிவிட்டால் என்ன என்று இன்னொரு மனம் கேட்டது. மனுஷனுக்கு இரண்டு மனம் இருந்தால் எப்போதும் இரண்டாவதுதான் ஜெயிக்கிறது.

ஓடாமல், ஓடுகிற மாதிரியும் தெரியாமல், கீழே போனான்.

"சார், இங்க உக்காந்திருக்கறது நல்லதில்ல சார். இன்னொரு தடவ மண்ணு சரிஞ்சா இந்தச் சுவரு தாங்காது. மேல வளைவுல ரோடு வேலைக்காரங்க போட்ட தகரக் கொட்டகை ஒண்ணு இருக்கு. வர்றப்ப பாத்தேன். அங்க போயிடலாம்."

"இப்பதான் புள்ள தூங்குது அண்ணே," என்றாள் தையல்காரரின் மனைவி. "மறுபடியும் குளிர்ல தூக்கிட்டு நடக்கணுமா?"

"நத்தையண்ணே, உங்களுக்குத்தான் அனலே ஒத்துக்காதே. நாங்க எங்க உக்காந்தா உங்களுக்கென்ன?" என்றார் பஸ் டிரைவர்.

"சொன்னாக் கேளுங்க! குழந்தைய வெச்சுக்கிட்டு..." குரல் உயர்ந்துவிட்டது. போலீஸ்காரர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

அவன் நல்லநேரமோ கெட்டநேரமோ, அந்த நொடியில் மேலே இருந்து நாலைந்து கூழாங்கற்கள் உருண்டு வந்து பஸ்ஸின் கூரையில் டக் டக் என்று விழுந்தன. போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அவர் சொல்றது சரிதான். எல்லாரும் கெளம்புங்க."

நத்தைக்கு உயிர் வந்தது. "நான் முன்னாடி போயி வழியில கல்லு கில்லு இருந்தா தள்ளி வெக்கறேன்," என்று சொல்லிவிட்டு வந்தான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான். இவர்கள் மேலே போய்விட்டால் தீ கீழே தானாக அவிந்துவிடும். விடிகிறவரை வாளி மாற்றிக்கொண்டே இருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. லாரிக்கு அடியில் குந்தி, நிறைந்திருந்த வாளியை இழுத்தான். அவசரத்தில் பாதி அவன் மேலேயே கொட்டியது. இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்தான்.

அப்போது பேச்சுச் சத்தம் கேட்டது. சிரிப்பு. கூடவே ஒரு வெளிச்சம் பஸ்ஸின் பக்கவாட்டில் ஆடி ஆடி ஏறி வந்தது. டார்ச் வெளிச்சம் இல்லை. மஞ்சளாக, உயிரோடு ஆடுகிற வெளிச்சம்.

தீக்குச்சி தீர்ந்துபோன ஊரில், ஈர விறகில் அத்தனை பாடுபட்டு மூட்டிய தீயை எவனாவது விட்டுவிட்டு வருவானா? கட்டிய புடவையோடு வீட்டை விட்டு ஓடுகிறவர்கள்கூட அடுப்பில் இருக்கிற தணலை விட்டுப்போக யோசித்த காலம் ஒன்று இருந்தது. தீயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பஸ் டிரைவர்தான் முன்னால் வந்தார். ரோட்டோரத்தில் கிடந்த ஒரு பழைய சாந்துச்சட்டியை எடுத்து, அதில் தணலையும் எரிகிற கட்டைகளையும் வாரிப் போட்டு, சட்டியின் காதுகளில் துணியைச் சுற்றிப் பிடித்திருந்தார். கோயில் பூசாரி மாதிரி முகத்தில் ஒரு கர்வம். அவருக்குப் பின்னால் குழந்தையோடு அந்தப் பெண், மூட்டையோடு தையல்காரர், கடைசியில் போலீஸ்காரர். காற்று ஒரு தடவை வீசியது. சட்டியிலிருந்து பொறிகள் கிளம்பி லாரிப் பக்கம் பறந்து, பாதி வழியில் அணைந்தன.

"நில்லுங்க!" என்று கத்தினான் நத்தை.

"என்னப்பா, சிவப்பு விளக்கா?" பஸ் டிரைவர் நடந்துகொண்டே சிரித்தார்.

"கிட்ட வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

"ஓரமா போயிடறோம்யா. லாரியில இடிக்க மாட்டோம்."

இன்னும் ஒரு பஸ் நீளம்கூட இல்லை. நத்தை வாயைத் திறந்தான். போலீஸ்காரரின் தொப்பி தெரிந்தது, அக்காவின் முகம் தெரிந்தது, வாய் அப்படியே நின்றது. ஆமாம், அந்த இடத்திலும் அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு பொறி ஒன்று, அணையாமல், அந்தப் பெண் குழந்தைக்குப் போர்த்தியிருந்த போர்வையின் மேல் விழுந்தது. அவள் இடது கையால் அதை அலட்சியமாகத் தட்டிவிட்டாள்.

"தின்னர்!" என்று அலறினான். "லாரியில தின்னர் பீப்பாய் ஒழுகுது! என் மேலெல்லாம் தின்னர்! தீய எடுத்துட்டுப் போயிடுங்க சார்!"

எல்லோரும் நின்றார்கள். பஸ் டிரைவரின் முகத்தில் சிரிப்பு வடிய மறந்து அப்படியே ஒட்டியிருந்தது.

போலீஸ்காரர்தான் முதலில் பேசினார், சத்தமே இல்லாமல். "திரும்பாதீங்க. மெதுவாப் பின்னால நடங்க. பள்ளத்து ஓரமா. சட்டிய ஆட்டாதீங்க."

"பள்ளத்துல வீசிடவா சார்?" பஸ் டிரைவரின் கை நடுங்கியது. நடுங்க நடுங்கப் பொறி பறந்தது.

"வீசாதீங்க," என்று சொன்னது குழந்தையின் அம்மா. "இதுவும் போச்சுன்னா புள்ளைக்கு வேற தீ இல்ல."

அவள் தன் போர்வையின் ஒரு முனையை இழுத்துக் காற்று வருகிற பக்கம் மறைப்பாகப் பிடித்தாள். பஸ் டிரைவரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, ஒரு அடி, இன்னொரு அடி என்று பின்னால் நடந்தார்கள்.

"அந்தம்மா எங்க?" நத்தை திடுக்கிட்டுக் கேட்டான். "முட்டைக்காரம்மா எங்க? வடிகாலு வழியாக் கீழ போயிருக்கு சார்! பழைய தீ அணைச்சீங்களா?"

யாரும் அணைக்கவில்லை. முட்டைக்காரம்மா கீழேயே இருந்தார், சாம்பலைக் கிளறி முட்டைகளை எடுத்துக்கொண்டு. நத்தையால் ஓட முடியவில்லை. அவன் ஓடினால் எரிகிற துணியாகத்தான் போய்ச் சேருவான். நின்ற இடத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

"அக்கா! விட்டுட்டு வாங்க! ஓடுங்க அக்கா!"

"ரெண்டு முட்டை இன்னும் உள்ள இருக்குப்பா, இரு," என்று பதில் வந்தது.

போலீஸ்காரர் இறக்கத்தில் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு யாரும் அப்படி ஓட மாட்டார்கள். முட்டைக்காரம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். சரிந்து கிடந்த ஈரமண்ணை இரண்டு கையாலும் வாரி வாரித் தணலின் மேல் கொட்டினார். தையல்காரரும் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கொட்டினார். மண் புகைந்தது. வடிகாலில் அந்த ஈரக்கோடு தணல் இருந்த இடத்துக்கு இரண்டு கை தூரத்தில் வந்து நின்றிருந்தது. டார்ச்சை அடித்து அதைப் பார்த்த பிறகு போலீஸ்காரர் கொஞ்ச நேரம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் மூன்று பேர் லாரியில் ஏறினார்கள். நத்தை, தையல்காரர், போலீஸ்காரர். "ஒண்ணு, ரெண்டு, தள்ளு," என்று ஒரே ஒரு தடவை. பீப்பாய் சாய்ந்து படுத்தது, ஓட்டை மேலே வந்தது, ஒழுகல் நின்றது. இவ்வளவுதான் வேலை. சாயங்காலமே கேட்டிருந்தால் சாயங்காலமே முடிந்திருக்கும். நத்தைக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கீழே இறங்கியதும் போலீஸ்காரர் கையை நீட்டினார். நத்தை லைசென்ஸையும் லாரிச் சாவியையும் எடுத்துக் கொடுத்தான். அவர் வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"யாரோட சரக்கு?"

"வண்டி ஓட்டுனது நான் சார்."

அவர் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இருந்ததா என்று நத்தைக்குத் தெரியவில்லை. திரும்பிக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மண்சரிவை ஒட்டி, பள்ளத்தோரத்தில், வடிகாலுக்கு எதிர்ப்பக்கம், சாந்துச்சட்டியிலிருந்த தணலைக் கொட்டி மறுபடி தீயை வளர்த்தார்கள். மோசமான இடம். நாலு பக்கமும் காற்று. கொட்டகைக்குப் போகலாமென்றால் லாரியைத் தாண்ட வேண்டும், அதற்கு இனி யார் சம்மதிப்பார்கள்? காற்றுக்கு மறைப்பாகப் பஸ் சீட்டுகளைக் கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்தத் தடவை பஸ் டிரைவர் கதை எதுவும் சொல்லவில்லை.

நத்தை தூரத்தில் இருட்டில் நின்றான். இடுப்புக்குக் கீழே ஈரம் பனிக்கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பல் தந்தி அடித்தது. முன்பு அவனை வா வா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டவர்கள் இப்போது ஒருவரும் திரும்பவில்லை. அவன் அவர்களைக் குறை சொல்லவில்லை. லாரிக்குள் ஏறிப் படுக்கலாமென்றால் அங்கே அந்த ஆவி. நின்றான்.

நெடுநேரம் கழித்து முட்டைக்காரம்மா, "அவன் அங்க வெறச்சுச் செத்தான்னா அதுக்கும் இந்த சார்தானே பதில் சொல்லணும்," என்று பொதுவாகச் சொன்னார்.

"வந்தா அந்தத் துணியோடதானே வருவான்," என்றார் பஸ் டிரைவர். சொல்லிவிட்டு எழுந்து போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தன் மாற்றுக் காக்கி பேன்ட்டை எடுத்து வந்தார். தையல்காரர் மூட்டையை அவிழ்த்தார். யாரோ ஒரு வாடிக்கையாளருக்குத் தைத்த புதுச் சட்டை, இன்னும் பொத்தான் வைக்கவில்லை. முட்டைக்காரம்மா ஒரு பழைய போர்வையைக் கொடுத்தார். போலீஸ்காரர் எல்லாவற்றையும் கொண்டுவந்து பாதித் தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தார், கூடவே ஒரு கேன் தண்ணீர்.

"எல்லாத்தையும் கழட்டித் தூர வெச்சிட்டு, நல்லாக் கழுவிட்டு வா," என்றார்.

அந்தக் குளிரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டபோது அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பஸ் டிரைவரின் பேன்ட் இரண்டு ஆளுக்குக் காணும். அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பொத்தானில்லாத சட்டையைப் போர்வையால் மூடிக்கொண்டு, வெளிச்சத்தின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றான். அதற்கு மேல் கால் வரவில்லை. ஏனென்றால் குழந்தையின் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கைய நீட்டுங்க," என்றாள்.

நீட்டினான். அவள் குனிந்து வலது கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு இடது கையை. இரண்டு பக்கமும் திருப்பி, நக இடுக்கு வரை முகர்ந்தாள்.

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டும்மா."

"நாங்க அந்த வடிகாலு பக்கத்துல உக்காந்திருந்தோம். புள்ளையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்க பத்தடி தள்ளி உக்காந்து எங்களப் பாத்துக்கிட்டே இருந்தீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "எப்படி முடிஞ்சுது உங்களால?"

நத்தை வாயைத் திறந்தான். அக்கா என்று சொல்லலாம், அத்தான் என்று சொல்லலாம், லைசென்ஸ் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஒன்றும் வாயில் வரவில்லை. கண்ணில்தான் வந்தது. அத்தனை பேர் எதிரில், பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

கட்டை ஒன்று வெடித்து அடங்கியது. அவள் தன் பக்கத்தில் வைத்திருந்த துணிப்பையை எடுத்துக் காலடியில் போட்டாள். அங்கே ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது.

"உக்காருங்க," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "காத்து அந்தப் பக்கம்தான் வருது. புள்ளைக்கு மறைப்பா இருங்க."